மூன்றாம் நாள் நின்றுபோகும் வண்டி

“அண்ணா, வண்டி மறுபடியும் குபேர லிங்கத்துகிட்ட நின்னுபோச்சு. மணி ஒன்பதே கால் ஆவுது.”

போனில் சுமதி இவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கிரிவலப் பாதையில் இருக்கும் அந்தக் கோயில் பக்கத்தில், பத்தே நாளில் இது நான்காவது தடவை. பத்து மணிக்கு அவள் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வண்டியை அவள் தலையில் கட்டியதே நான்தான்.

பிள்ளைகளே, இப்போது நம் தெருவிலேயே நாலு வீட்டு வாசலில் எலெக்ட்ரிக் வண்டி நிற்கிறது. “உங்க காலத்துல இதெல்லாம் ஏதுப்பா?” என்று போன வாரம் கேட்டீர்கள். இருந்தது. இரண்டாயிரத்து எட்டு வாக்கில், போளூர் ரோட்டில் கபூர் பாய் பேட்டரிக் கடையில் நான் மெக்கானிக்காக இருந்தபோதே வந்துவிட்டது. அதில் நான் செய்த ஒரு தப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

1. மூடி இல்லாத பேட்டரி

முதன்முதலில் லாரியில் மூன்று ஸ்கூட்டர் வந்து இறங்கின. நான் பதினைந்து வருஷமாக லாரி, டிராக்டர், கார் பேட்டரி பார்த்தவன். கால் வைக்கும் பலகையைக் கழற்றினேன். உள்ளே செங்கல் மாதிரி நாலு பேட்டரி. ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட், நாலும் சேர்ந்து நாற்பத்தெட்டு. ஒரு கையில் டிஸ்டில்ட் வாட்டர் கேன், இன்னொரு கையில் புனலோடு மூடியைத் தேடினேன். மேலே இல்லை, பக்கத்திலும் இல்லை.

“பாய், இதுக்குத் தண்ணி எங்க ஊத்தறது?”

“ஊத்தவே கூடாதாம்பா. சீல் பண்ணது.”

“தண்ணி இல்லாம எப்படி பாய் பொழைக்கும்?”

“நீ காலையிலேர்ந்து ஒரு டீகூட குடிக்கல. பொழைச்சிக்கினுதானே கீற?” என்றார் பாய்.

பாய்க்கு நல்ல வியாபார வாய். கடைக்கு வருகிறவர்களிடம், “லைசென்ஸ் வேணாம். ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எந்தப் பக்கம் இருக்குன்னே நீங்க தெரிஞ்சிக்க வேணாம். வீட்டு பிளக்குல சொருவுங்க, காலையில எடுத்துக்கினு போங்க” என்பார். மிதமான வேகத்தில் மட்டும் போகும் வண்டி என்பதால் அரசாங்கம் அந்தச் சலுகையைக் கொடுத்திருந்தது. ஓட்டிப் பார்க்க வந்தவர்களுக்கோ சத்தம் வராததுதான் பெரிய சந்தேகம். ஒருவர் கால் மணி நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, “ஸ்டார்ட் ஆனா சொல்லுப்பா” என்றார். வண்டி அப்போதே தயாராகத்தான் இருந்தது.

2. சந்தனம்

சுமதி அடி அண்ணாமலையைச் சேர்ந்தவள். கலெக்டர் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேலையை நீட்டித்து ஆணை வர வேண்டும். கணவர் பெங்களூரில் மேஸ்திரி. வீட்டில் மாமனார் கோவிந்தசாமி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் வைக்கிறவர். காலையில் பஸ் வந்தால் உண்டு. வராவிட்டால் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து டவுனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் இந்த வண்டி அவளுக்கென்றே செய்தது போல எனக்குத் தோன்றியது. பாயைவிட அதிகமாக நான்தான் பேசினேன்.

வண்டி எடுக்க மாமனாரும் வந்தார். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“சத்தமே இல்லியே. பின்னால வந்தா மாடு எப்படிப்பா ஒதுங்கும்?”

“ஹாரன் இருக்குதுங்க.”

“ஹாரனுக்கு ஒதுங்கற மாடு எங்க ஊர்ல இன்னும் பொறக்கல.”

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புது பேட்டரி எதுவும் சந்தனம், குங்குமம் வைக்காமல் வாசல் தாண்டாது. பூவைப் பாயே வாங்கி வந்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். அன்றைக்கும் ஹேண்டிலுக்கு வைத்தேன், விளக்குக்கு வைத்தேன், சக்கரத்துக்கு வைத்தேன். பிறகு சீட்டுக்குக் கீழே சார்ஜர் சொருகும் இடத்தைப் பார்த்தேன். வண்டி சாப்பிடுகிற வாய் அதுதானே என்று அங்கேயும் ஒரு பொட்டு வைத்தேன்.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதே மாதிரி வச்சிடும்மா” என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

3. குபேர லிங்கம்

முதல் மாதம் வண்டி அருமையாக ஓடியது. சுமதி கடை வழியாகப் போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். அப்புறம் ஒரு நாள் குபேர லிங்கம் பக்கத்தில் நின்றது. கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். பலகையைக் கழற்றி, கடை சார்ஜரின் கிளிப்பை நேராக பேட்டரி டெர்மினலில் கவ்வவிட்டேன். பழைய பேட்டரிக்காரன் பழக்கம் அது. சாயங்காலம் மீட்டரில் பார்த்தால் நாலும் நிறைந்திருந்தது. கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை அதே இடத்தில் நின்றது. மறுபடியும் கடை, மறுபடியும் கிளிப். இரண்டு நாள் ஓட்டம், மூன்றாம் நாள் குபேர லிங்கம்.

“உங்க ஊர்ல கெணத்து மோட்டார் ஓடற நேரத்துல வோல்டேஜ் கம்மியா இருக்கும்மா.”

“ஃபேன் ஜோராத்தான் சுத்துது அண்ணா.”

“அப்ப சுவிட்ச் போட மறந்திருப்ப.”

“மறக்கலண்ணா. சார்ஜர்ல பச்சை லைட்டு எரியுது. பச்சை வந்துட்டா ஃபுல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான் நம்பவில்லை. கவனமில்லாத பெண் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

நான்காவது தடவை போன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றிருந்தாள்.

“ஏற்கெனவே சூப்பிரண்டெண்ட் கூப்ட்டு, இன்னொரு நாள் லேட்டுன்னா நீட்டிப்பு லிஸ்ட்ல பேரு இருக்காதுன்னுட்டாருண்ணா. இன்னிக்கு எப்படியோ கெஞ்சிக் கேட்டுக்கறேன். வீட்லயும் மாமா சொல்லிட்டாரு. திங்கக்கிழமையும் நின்னா வண்டியைக் கடையில விட்டுடு, வேலையும் வேணாம், நீ ரோட்ல தள்ளிக்கினு வர்றத என்னால பாக்க முடியலன்னு.”

அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். வண்டியைக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று கைப்பிடியைப் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு நாள் ஓடுகிறதே, அது என் கடை சார்ஜ். அப்படியானால் அவள் வீட்டில் போடுகிற சார்ஜ் எங்கே போகிறது? இந்தத் தடவை கடைக்குக் கொண்டுபோகவில்லை. ‘குட்டி யானை’ என்கிற சின்ன லாரி ஒன்றில் ஏற்றி அவள் வீட்டுக்கே அனுப்பினேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

மத்தியானம் மீட்டரை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். பிளக்கில் வோல்டேஜ் சரியாக இருந்தது. சுமதி எப்படி சார்ஜ் போடுவாள் என்று அவளையே போட்டுக் காட்டச் சொன்னேன். வயரை வண்டியில் சொருகி சுவிட்சைப் போட்டாள். சிவப்பு ஒரு தரம் மினுக்கியது. உடனே பச்சை.

“பாத்தீங்களா? பச்சை” என்றாள்.

ஒரு நிமிஷத்தில் எந்த பேட்டரியும் நிறையாது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுவிட்சை அணைக்காமல், வண்டியிலிருந்து வயரை மட்டும் பிடுங்கினேன். அப்போதும் பச்சைதான் எரிந்தது. பேட்டரி நிறைந்தாலும் பச்சை, வண்டியில் சொருகவே இல்லையென்றாலும் பச்சை! இவ்வளவு நாள் சார்ஜர் சும்மா கிடந்திருக்கிறது. இவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

வயரின் முனையைப் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தால், மூன்று ஓட்டையிலும் சந்தனம் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. கடையில் கிளிப்பை நேராக பேட்டரியில் கவ்வவிட்ட நான் இந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

“இதை யாரு வச்சது?”

மாமனார் முன்னால் வந்தார். “நான்தான். மருமவளுக்கு வெள்ளிக்கிழமை காலையில எங்க நேரம்? குளிச்சிட்டு நானே வச்சிடுவேன். நீ ஒரு பொட்டு வச்ச. நமக்கு இன்னா குறைச்சல்னு நான் கொஞ்சம் தாராளமாவே வச்சேன்.”

வண்டியைக் கிண்டல் செய்த மனுஷன்தான் வாரம் தவறாமல் அதற்குப் பூசை செய்திருக்கிறார்.

அந்த நேரத்தில் என் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. பேட்டரி கோளாறு, கம்பெனிக்கு எழுதிப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

“தப்பு என்னோடதுங்க. முதல் பொட்டு வச்சதே நான். வாராவாரம் வைக்கச் சொன்னதும் நான். நீ சரியாத்தான் சார்ஜ் போட்டிருக்கம்மா. ஈரச் சந்தனத்தோட சொருகி யாருக்கும் ஒண்ணும் ஆகாம போச்சே, அதுவே பெருசு.”

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அப்ப நாம ரெண்டு பேரும் சேந்துதான் அது வாயை அடைச்சிருக்கோம்னு சொல்லு!”

சுமதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு ஊக்கு, பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட் வைத்து அரை மணி நேரம் சுரண்டினேன். திரும்பச் சொருகியதும், சார்ஜ் ஏறும்போது எரிய வேண்டிய சிவப்பு அசையாமல் நின்றது. சார்ஜர் பெட்டிக்குள் சின்ன விசிறி சுற்றும் சத்தமும் கேட்டது. அதை அந்த வீட்டில் அவர்கள் கேட்டு எத்தனை நாள் ஆகியிருக்குமோ! எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டோம். பத்தே நிமிஷம். கரன்ட் போய்விட்டது.

அந்த வருஷம் மின்வெட்டு ஜாஸ்தி. பேட்டரி நிறைவதற்கு எட்டு மணி நேரம் வேண்டும். மாமனார் வாசலில் போய் நின்றுகொண்டு, கம்பத்தை ஒரு தரமும் என்னை ஒரு தரமும் பார்த்தார். கடைசியில் ஐந்து மணிக்குக் கரன்ட் வந்தது. இனி காலை வரை போகாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

5. திங்கட்கிழமை

ஒன்பதரைக்கே கலெக்டர் ஆபீஸ் கேட்டில் போய் நின்றுவிட்டேன். ஒன்பதே முக்கால் ஆனது. ரோட்டை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். சத்தம் வராத வண்டி ஆயிற்றே, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே வந்து நிறுத்தினாள் சுமதி. பின்சீட்டில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாமனார்.

“நீங்க ஏங்க வந்தீங்க?”

“வழியில நின்னா தள்ளறதுக்கு ஒரு ஆளு வேணாமா?” என்று இறங்கினார். பிறகு, “நிக்கவேயில்லப்பா” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

அந்த வாரமே வண்டி வாங்கிய மற்ற வீடுகளுக்கும் போனேன். போகச் சொன்னதே பாய்தான். வெட்கமாகத்தான் இருந்தது. வாசலிலேயே என் தப்பைச் சொல்லிவிட்டு சார்ஜர் சொருகும் இடத்தைத் துடைத்துக் கொடுத்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள்.

பிள்ளைகளே, என் கடையில் வைத்துப் பார்த்த வரைக்கும் அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஓடவேண்டிய இடம் என் கடை இல்லை. பொருள் எங்கே இருந்து வேலை செய்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள். ஒருவர் “நான் சரியாத்தான் செஞ்சேன்” என்று சொன்னால், முதலில் அதை நம்புங்கள், பிறகு தேட ஆரம்பியுங்கள். நான் முதல் தடவையே நம்பியிருந்தால் அவள் மேலும் மூன்று நாள் ரோட்டில் நின்றிருக்க மாட்டாள்.

நீட்டிப்பு ஆணை அடுத்த மாதம் வந்தது. டைப் அடிக்கச் சொல்லி அந்தத் தாள் சுமதியின் மேஜைக்கே வந்ததாம். சாயங்காலம் கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சொன்னாள்.

“பதினோரு பேரு அண்ணா. என் பேரு ஒன்பதாவது. அந்த வரி வந்ததும் ஒரு நிமிஷம் கைய எடுத்துட்டேன். அப்புறம் நிதானமா அடிச்சேன்.”