ராட்சசனின் கிளி

ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் ராட்சசன் தன் உயிரை ஒளித்துவைத்த கதையை, பிள்ளைகளே, நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருநாள் கம்பெனி பஸ் புதுவாயலைத் தாண்டும்போது, பக்கத்து சீட்டுக்காரரின் செல்போனில் மனசைப் பற்றிப் பேசும் ஓர் அம்மா அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் வரும் எல்லோரும் நமக்குள்ளேயே இருக்கிறார்களாம். ராட்சசன் நம் கோபம். கிளி, நமக்குள் அடி தாங்காத இடம். அதைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிறவன்தான் வளருவானாம்.

நான் அதைக் கோணலாகப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ராட்சசன் எங்கள் சூப்பர்வைசர். நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை என் மகள் அவள் அம்மாவோடு கம்பெனி கேட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவள் எதிரிலேயே, "டேய் எருமை, கேட்டாண்ட இன்னா கொஞ்சினு கீற? உள்ள போடா" என்ற ஆள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் கிளி எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆளின் கிளியைத் தேடிக் கழுத்தைத் திருகாமல் விடுவதில்லை என்றிருந்தேன்.

கண்டுபிடித்தும் விட்டேன். அவருக்கும் ஒரு சின்ன மகள். ஆயுத பூஜையன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். திருஷ்டிப் பூசணி உடைப்பது அந்த வருஷம் என் முறை. அதே 'எருமை'யை அந்தக் குழந்தை எதிரில் திருப்பிக் கொடுக்க நாக்கிலேயே வைத்திருந்தேன்.

அன்று காலை பூஜைக்குப் போக ஆரம்பாக்கத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, கூட வந்த என் மகளுக்குக் கிளிக் கதையைச் சொன்னேன்.

"ராட்சசன் கெட்டவன், சரி நைனா. கிளி இன்னா பண்ணுச்சு? அத்த ஏன் கொல்றாங்க?"

"கதைன்னா அப்படித்தான். பேஜாரு பண்ணாத."

பூஜை முடிந்தது. சூடம் எரியும் பூசணியோடு கேட்டருகே நின்றேன். சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டையில், மகள் கையைப் பிடித்தபடி எனக்கு வெகு பக்கத்தில். குழந்தை அண்ணாந்து பார்த்தது.

"அங்கிள், எங்கப்பா சொன்னா இங்க எல்லாரும் கேப்பீங்களா?"

அந்த ஆள் என்னைப் பார்த்தார். அன்று கேட்டில் என்னைச் சொன்னது அவருக்கும் மறக்கவில்லை என்று தெரிந்தது.

"கேப்போம்மா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்றேன்.

குழந்தையைத்தான் தள்ளி நிற்கச் சொன்னேன். அவரைச் சொல்லவில்லை.

முழுப் பலத்தோடு போட்டேன். பூசணிக்குள் இருந்த குங்குமத் தண்ணீர் அந்தச் சட்டை முழுக்கத் தெறித்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு சட்டை அளவுக்குத் தீர்ந்தது.

"ஐயே, நைனா! ராட்சசன் மேல ரத்தம்!" என் மகள் காதோடு சொன்னாள்.

"கிளிக்கு ஒண்ணும் ஆவலியே?"

அவள் எட்டிப் பார்த்தாள்.

"இல்ல. சிரிச்சுகினு கீது."