அக்காவின் தழும்பும் என் ஸ்டென்ட்டும்

என் அக்கா ஜெயமணி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிறாள். மத்திகிரியில் எங்கள் தெருவில் அவளளவு வேகமாக நடப்பவர் கிடையாது.

இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அவளுக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருந்தது. ஒன்பது வயதில் விலாவைத் திறந்து சரிசெய்தார்கள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதுகிலிருந்து அக்குள் வரை வளைந்த தழும்பு நின்றுவிட்டது. வருஷா வருஷம் வந்து காட்டச் சொன்னார்களாம். பெண் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது தெரிந்தால் நாளைக்கு வரன் வராது என்று அப்பா நிறுத்திவிட்டார். அப்படியும் இரண்டு வரன்கள் விஷயம் தெரிந்து விலகிப் போயின.

2007இல் பிளஸ் டூ முடித்ததும் நான் ஒரு கம்பெனியில் டிரெயினியாகச் சேரப் போனேன். வேலைக்கு முன் எடுத்த மெடிக்கல் செக்கப்பில் பிரஷர் நூற்றெழுபது. காலில் நாடி சரியாகக் கிடைக்காததைப் பார்த்த டாக்டர் பெங்களூருக்கு அனுப்பினார். அக்காவுக்கு இருந்த அதே குறைதான். ஆனால் என்னை யாரும் அறுக்கவில்லை. தொடை இடுக்கு வழியாக ஒரு கம்பி வலைக் குழாயை ஏற்றி, குறுகிய இடத்தில் பலூனால் விரித்தார்கள். அதுதான் ஸ்டென்ட். அதற்கு மெல்லிய உறை உண்டு. விரிக்கும்போது ரத்தக் குழாய் கிழிந்தாலும் ரத்தம் வெளியேறாது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா என் காயத்தைக் காட்டச் சொன்னாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானாடி?"

ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாளே குழாயடியில் நிறைகுடத்தை என் முன்னால் வைத்தாள். "தூக்கு. உன்னை என்ன அறுத்தா தெச்சிருக்காங்க?" அம்மா ஓடிவந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். அதற்கும் அக்கா இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை.

அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்ட என் டாக்டர், பழைய தையல் இடம் வீங்கி வெடிக்கக்கூடும், உடனே அழைத்து வாருங்கள் என்றார். அப்பா கெஞ்சினார், அம்மா அழுதாள். இன்னொருமுறை அறுத்துக்கொள்ளத் தன்னால் ஆகாது என்று அக்கா மறுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

"வராட்டிப் போக்கா. நாளைக்கு செக்கப்புல ஸ்கேன் எனக்கு மட்டும் எடுத்துக்கறேன்."

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் தலை சீவி முடித்து வாசலில் நின்றாள்.

ஸ்கேனில், பழைய தையலின் மேல் ரத்தக் குழாய் சைக்கிள் டியூப் போலப் புடைத்திருந்தது. மறுபடி திறக்கலாம், இல்லையென்றால் உறையுள்ள ஸ்டென்ட்டை வைத்து உள்ளிருந்தே அந்தப் புடைப்பை மூடிவிடலாம் என்றார் டாக்டர். இரண்டாவதே நல்லது என்றும் சொன்னார்.

"எனக்கு ஒன்பது வயசுல இது எங்க சார் போச்சு?" என்றாள் அக்கா.

அப்போது இந்தச் சிகிச்சை இங்கே வரவில்லை என்றார் அவர். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு முகத்தைத் துடைத்தாள்.

"இவளுக்கு வெச்சதேதானா எனக்கும்?"

"அதே வகைதாம்மா. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளமா வேணும்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். பரிசோதனைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். ஜன்னலோரம் யாருக்கு என்று அத்திப்பள்ளி வரை சண்டை.