வழி சொன்னேன், சிப்பாயைச் சொல்லவில்லை

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் நாங்கள் கெமாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தோம். டவுனையே பார்த்திராத என் கொழுந்தன் ஒருநாள் வந்து, டவுனைப் பார்க்கக் கிளம்பினான். நானும் பெருமையாக வழி சொன்னேன்.

"ஸ்டேஷன் எதிர்க்கடையில மரவள்ளிப் புட்டு சாப்பிடு. காப்பி வேணாம், வெறும் கருக்கின சோளம். பாசார் சந்தையில இஞ்சித் தண்ணி குடி லா."

அவன் போன பிறகுதான் சுரீரென்றது. ரயில் கேட்டில் நிற்கும் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கவேண்டும் என்று சொல்லவில்லை. எங்களுக்குப் பழகிப்போனதால் நினைவே வரவில்லை. வணங்காத ஒருவரை என் கண்ணெதிரே அடித்து லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

அவன் பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில் எதிரே வந்தான்.

"கேட்டுல உன்னை ஒன்னும் செய்யலியா?"

"இல்லையே அண்ணி. அங்க முனியாண்டி கல்லு இருந்துச்சு, செருப்பக் கழட்டி நல்லாக் குனிஞ்சு கும்பிட்டேன். பக்கத்துல துப்பாக்கி வச்சிருந்த ஆளு தலைய ஆட்டிப் போகச் சொன்னாரு."

அந்தக் கும்பிடு தனக்கென்று நினைத்துவிட்டான் சிப்பாய். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தனை நாளும் பயத்தில் சிப்பாயை மட்டுமே கும்பிட்டேன். கல்லைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது யாருக்கு வழி சொன்னாலும் முதலில் கல்லைச் சொல்கிறேன், கடையெல்லாம் பிறகுதான்.