டம்ளரின் அடியில் வைத்த புள்ளிகள்

சென்ற ஆண்டு ஆடி மாதம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. நான் ஓய்வு பெற்ற கணக்கர். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. ரொட்டி வாங்கினால் துண்டுகளை எண்ணுவேன். மின்தூக்கியில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் கவலைப்படுவேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்கிறாள். என் மகளோ அதைத் தகுதி என்று எடுத்துக்கொண்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

மகளுக்குக் கணினித் துறையில் வேலை. செராஸில் மூன்று தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். காஜாங்கில் ஒரு வீடு வாங்க முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தவள், அதில் பெரும்பகுதியைப் புதிதாக வந்த ஒரு கிரிப்டோ நாணயத்தில் போட்டுவிட்டாள். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரம் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"அப்பா, இதுக்குப் பேரு நோட். இதை உங்க வீட்டுல ஓட்டப் போறேன்."

இந்த நாணயத்துக்கு வங்கியும் கிடையாது, தலைமை அலுவலகமும் கிடையாதாம். உலகம் முழுக்கப் பல வீடுகளில் இப்படி ஒரு பெட்டி ஓடுமாம். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதை எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து சரிபார்க்குமாம். பெட்டி வைத்திருப்பவர் தன் நாணயங்களைப் பிணையாகப் பூட்டி வைக்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் சிறு கூலி உண்டு. நின்றுபோனால் பிணையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள்.

"என் ரூம்ல வெச்சா யாராச்சும் பிளக்கைப் புடுங்கிட்டு ஹேர் டிரையர் போட்டுருவாங்க. உங்கள மாதிரி கவனமான ஆளு கே.எல்.லயே இல்லலா" என்றாள். பாராட்டுக்கு மயங்காத தகப்பன் யார்?

பெட்டியை வரவேற்பறைச் சுவரோரம் வைத்தோம். அதற்குள் ஒரு சின்ன விசிறி. நாள் முழுக்க உறுமும். எனக்கு அது நிம்மதியான சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. லோரி கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர், குரலும் லோரி மாதிரிதான். "என்னங்க, வீட்டுல தேனீ வளர்க்குறீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். "காதுல பஞ்சு வெச்சுக்குங்க" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. எதிரே வந்தால் இருவருமே கைப்பேசியைப் பார்ப்போம்.

மகள் கிளம்பும் முன் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். சம்பந்தா சம்பந்தமில்லாத சொற்கள். லெமன், கோஸ்ட், லேடர், இப்படி. (இப்போது அவற்றால் ஒரு பயனும் இல்லை. யாரும் முயல வேண்டாம்.)

"பெட்டி போனா வேற பெட்டி வாங்கலாம்பா. இந்தப் பன்னெண்டு சொல்லையும் வரிசையா போட்டா கணக்குத் திறந்துரும். சொல்லு போச்சுன்னா, பணம் அங்கயே இருக்கும், ஆனா யாராலயும் தொட முடியாது. போட்டோ எடுக்காதீங்க, போன்ல வைக்காதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டகூட காப்பி இல்ல. ரூம்ல எத்தனை பேரு வந்து போறாங்க!"

யாரிடமும் என்றால் யாரிடமும்தான். மனைவியிடமும் சொல்லவில்லை.

காகிதம் என்றதும் எனக்குக் கரையான் ஞாபகம் வந்தது. பிறகு தீ. பிறகு ஈரம். சிலர் சொற்களை எஃகுத் தகட்டில் பொறித்து வைப்பார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். இணையத்தில் அந்தத் தகட்டின் விலையைப் பார்த்தேன். அந்த விலைக்கு எஃகுக் கதவே போடலாம். அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. கிள்ளான் லிட்டல் இந்தியாவில் பாத்திரக் கடை இருக்கிறது. எவர்சில்வர் வாங்கினால் பெயரை இலவசமாகவே வெட்டித் தருவார்கள். கல்யாணச் சீருக்கு எல்லாரும் செய்வதுதானே?

கொம்யூட்டர் ரயில் ஏறி கிள்ளான் போனேன். பன்னிரண்டு டம்ளர்கள் எடுத்தேன். சொற்களை முன்பின்னாக மாற்றிச் சொன்னேன். பெயர் வெட்டுபவர் கூட வரிசையைத் தெரிந்துகொள்ளக் கூடாதல்லவா?

"அங்கிள், இது மாப்பிள்ளை பேரா, பொண்ணு பேரா?"

"எது?"

"டாங்கின்னு சொன்னீங்களே."

"பிள்ளைங்க இங்கிலீஷ் படிக்கறதுக்கு" என்றேன்.

"டம்ளர்லயா?" என்றார். ஆனாலும் வெட்டினார்.

வீட்டுக்கு வந்து, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். முதல் சொல்லுள்ள டம்ளரின் அடியில் ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு. இப்படியே பன்னிரண்டு வரை. எண்ணி எண்ணித் தட்டினேன். தாளை எரித்துச் சாம்பலைக் கழுவி ஊற்றினேன். டம்ளர்களை அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், பழைய ரைஸ் குக்கருக்குப் பின்னால் வைத்தேன். உலகத்திலேயே பாதுகாப்பான கணக்கு என் மகளுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை மனைவி வீட்டில் விளக்கு பூசை வைத்தாள். பூசைக்குப் பெண்கள் வருவார்கள் என்று என்னை அறைக்குள் போகச் சொல்லிவிட்டாள். வாசலில் இருந்த செருப்புகளை மட்டும் எண்ணினேன். பன்னிரண்டு ஜோடி. அந்த எண் எனக்கு எதையும் நினைவூட்டவில்லை. அன்று மாலை மனைவி எனக்கு வழக்கத்துக்கு மாறாக நெய் விட்டுக் கேசரி கிண்டிக் கொடுத்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மத்தியானம் வானம் கறுத்தது. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் முதலில் பிளக்கைத்தான் பிடுங்குவார்கள். மனைவியும் ஓடினாள். நான் குறுக்கே நின்றேன்.

"இது நிக்கக் கூடாது. நின்னா பிணையில கழிப்பாங்க."

"இடி விழுந்தா?"

"விழாது."

விழுந்தது. எங்கள் கட்டடத்தின் மேல்தான். பெட்டியிலிருந்து ஒரு டப்பென்ற சத்தம். கொஞ்சம் புகை. பிறகு அந்த உறுமல் இல்லை.

மகளுக்குத் தொலைபேசினேன். அவள் பதறவே இல்லை. "பரவாயில்லப்பா. ஞாயித்துக்கிழம புதுப் பெட்டி கொண்டுவரேன். அந்தப் பன்னெண்டு சொல்லை மட்டும் எடுத்து வைங்க."

நாற்காலி போட்டு ஏறினேன். ரைஸ் குக்கர் இருந்தது. அதற்குப் பின்னால் பல்லி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"இங்க இருந்த டம்ளரெல்லாம் எங்க?" என்று நாற்காலி மேலிருந்தே கத்தினேன்.

மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "பாத்தேன்லா. பூசைக்குத் தாம்பூலத்தோட குடுக்கறதுக்குன்னு சொல்லாம கொள்ளாம வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கீங்க. இத்தன வருசத்துல முதல் தடவ. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெத்தல பாக்கு, மஞ்சள், குங்குமம், ஆளுக்கு ஒரு டம்ளர். எல்லாரும் உங்களத்தான் புகழ்ந்தாங்க."

"அதுல எழுத்து இருந்துச்சே!"

"ஆமா, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு. மாடல் பேருன்னு நெனச்சேன்."

நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் முன்பணம் அந்தப் பன்னிரண்டு டம்ளர்களில் இருக்கிறது என்று புரிந்ததும் அவள் சிரிப்பு போய்விட்டது. "என்கிட்ட சொல்ல என்னங்க? நான் என்ன, ஊருக்கே மைக் புடிச்சுச் சொல்லவா போறேன்?" என்றாள். போய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வா என்றேன். ஆனால் டம்ளர்களைத் திருப்பிக் கேட்க மட்டும் முடியாது என்றுவிட்டாள். "குடுத்த தாம்பூலத்தத் திருப்பிக் கேக்கறதா? அதுக்கு நான் இந்த வீட்ட வித்துட்டுக் கேரித் தீவுக்கே போயிருவேன்."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். டம்ளர் வேண்டாம். சொல்லையும் அடியில் உள்ள புள்ளிகளையும் பார்த்தால் போதும். யார் யாருக்குக் கொடுத்தாள் என்று விரல் மடக்கிச் சொன்னாள். சனிக்கிழமை காலையில் நான் புறப்பட்டேன்.

முதல் வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா. "தாகமா இருக்கு, அந்தப் புது டம்ளர்ல கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றேன். அன்பு மிகுதியில் சுடச்சுட மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். மைலோவோடு டம்ளரைக் கவிழ்க்க முடியுமா? சர்க்கரை வியாதிக்காரன் முழுதும் குடித்தேன். லெமன், ஐந்து புள்ளி.

இரண்டாவது வீட்டில் டம்ளர் சாமி மேடைக்குப் போயிருந்தது. முருகன் படத்துக்கு முன்னால் தீர்த்தத்தோடு கோஸ்ட் என்ற எழுத்து மின்னியது. டம்ளரை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, உதட்டுக்குள் எண்ணினேன். மூன்று. அந்த வீட்டு அம்மா என் பக்தியைப் பார்த்து நெகிழ்ந்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

எதிர்வீட்டுச் சீன ஆன்டி அதில் தன் கணவரின் பல்செட்டை ஊறப்போட்டிருந்தார். நான் கையை நீட்டியதும், "அங்கிள், கோத்தோர் லா!" என்று பதறினார். அழுக்கோ இல்லையோ, எனக்கு அடிப்பாகம் வேண்டும். எட்டு. இன்னொருவர் டம்ளரைச் செராஸில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். தொலைபேசியில் அந்தத் தங்கை, "அங்கிள், அடியில ஓட்டை இருக்கான்னா கேக்குறீங்க?" என்றாள். "ஓட்டை இல்லம்மா, புள்ளி. எண்ணிச் சொல்லு." "எதுக்கு அங்கிள்?" "ஒரே ரகமான்னு பாக்கத்தான்." எண்ணிச் சொன்னாள், ஆனால் அதற்குப் பிறகு அவள் அக்கா என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

மறுபடி தாளில் எழுத மனம் வராததால் சொற்களை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். மின்தூக்கியில் ஒருவர், நான் ஜபம் செய்கிறேன் என்று நினைத்து வாட்ஸாப் பேச்சை நிறுத்திக்கொண்டார். தேநீர், காப்பி, சிராப் தண்ணீர், மோர் என்று எத்தனையோ குடித்துவிட்டு, நடுநடுவே வீட்டுக் கழிப்பறைக்கு ஓடி, சாயங்காலத்துக்குள் பதினொரு சொற்களைச் சேர்த்தேன். ஒன்பதாவது மட்டும் இல்லை. அது பக்கத்து வீட்டில் இருந்தது.

"அங்க எதுக்குக் குடுத்த?" என்றேன் மனைவியிடம்.

"சண்ட உங்களுக்கும் அவருக்கும்தான். அந்த அக்காவுக்கும் எனக்கும் என்ன?"

அந்தக் கதவுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். மனத்தில் காஜாங் வீட்டைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன், தட்டினேன். அவரே திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"ரெண்டு மூணு நாளா அந்த உறுமல் சத்தத்தக் காணோம். சுவத்துல காது வெச்சுக்கூடப் பாத்தேன். ஆளுக்கு ஏதும் ஆயிருச்சோன்னு இவள போய்ப் பாக்கச் சொன்னேன். 'சண்ட போட்டது நீங்க, நீங்களே போங்க'ன்னுட்டா. போலாமா வேணாமான்னு சட்டையப் போடறதும் கழட்டறதுமா இருக்கேன்."

தண்ணீர் கேட்கும் நாடகத்தை அங்கே ஆட மனம் ஒப்பவில்லை. "அன்னிக்குப் பஞ்சு வைக்கச் சொன்னது தப்புங்க" என்றேன்.

"பஞ்சு போகட்டும். இது என்னா?" என்று தொலைக்காட்சிக்கு மேலே கை காட்டினார். அங்கே டம்ளர், பரிசுக் கோப்பை போல நின்றது. டாங்கி. "ஊருக்கெல்லாம் வேற வேற எழுதிட்டு, எனக்கு மட்டும் பாத்துப் பாத்துக் கழுதைன்னு வெட்டி அனுப்பியிருக்கீங்க. குடியிருப்போர் கூட்டத்துல காட்டறதுக்கு ஆதாரமா வெச்சிருக்கேன். இவளத் தண்ணிகூட ஊத்த விடல."

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. பெட்டி, இடி, பன்னிரண்டு சொல், மைலோ, பல்செட்டு, எல்லாம் சொன்னேன். பாதியிலேயே சிரிக்கத் தொடங்கியவர், பல்செட்டு வந்ததும் இருமித் தீர்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை எடுத்துக் கவிழ்த்து, விரல் வைத்துத் தாமே எண்ணினார்.

"ஒம்பது. சரிதானே? ஒம்பதாவது கழுத எங்க வீட்டுல பத்திரமா இருந்துச்சு, போய் மக கிட்ட சொல்லுங்க." வாசல் வரை வந்தவர், "புதுப் பெட்டி எப்ப வருது?" என்றார். நாளை என்றேன். "சத்தம் இல்லாமத் தூக்கம் வர மாட்டேங்குதுங்க" என்றார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள். பன்னிரண்டாவது சொல்லுக்குப் பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றியது. எத்தனை சுற்று என்று எண்ணினேன். திறந்தது. பிணையில் கழிந்தது மிகச் சொற்பம். மனைவி, சொல்லக் கூடாது என்று நான் கண் காட்டியும் கேட்காமல், முழுக் கதையையும் சொன்னாள். மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஊரே பார்த்துவிட்ட சொற்கள் இனி ஆகாது என்று அப்போதே வேறு கணக்கு திறந்து, பணத்தை அதற்கு மாற்றினாள். புதிய சொற்கள் எங்கே இருக்கின்றன என்பதை இங்கே சொல்ல மாட்டேன். என் மனைவிக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது மகள் சொன்னாள்: "பதினொண்ணு கிடைச்சதும் என்னைக் கூப்பிட்டிருக்கலாமேப்பா. இதுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. மொத்தமே ரெண்டாயிரத்துச் சொச்சம் சொல்லுதான். ஒரு சொல்லு குறைஞ்சா கம்ப்யூட்டரே ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துக் கண்டுபுடிச்சிரும். அஞ்சு நிமிசம்லா."

அதாவது, அந்தக் கடைசிக் கதவை நான் தட்டியிருக்கவே வேண்டியதில்லை. அன்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்த விவரம் ஒருநாள் முந்தி எனக்குத் தெரியாமல் போனது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறேன்.