கைக்குப் படாத கட்டி

எங்கள் ஷூ கம்பெனியில் தோலைக் கையால்தான் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத தழும்பைக்கூட விரல்நுனி சொல்லிவிடும். பதினோரு வருடமாக எனக்கு அதுதான் வேலை. "கைக்குப் படலன்னா குறையே இல்ல" என்பது எங்கள் சூப்பர்வைசரம்மா போட்ட சட்டம்.

கம்பெனியில் நடந்த பரிசோதனை முகாமில், என் இடது மார்பில் சின்னக் கட்டி இருப்பதாக எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக சூப்பர்வைசரம்மாவிடம் லீவு கேட்டேன். உடை மாற்றும் அறைக்கு இழுத்துப்போய் அவளே அழுத்திப் பார்த்தாள். பிறகு வேலை லைனுக்கு வந்து, நாற்பது பேர் காதில் விழும்படி, "ஒண்ணும் இல்லடி. லீவுக்கு இன்னா நாடகம்? போய் வேலையப் பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டர் முடிய மூன்று வாரம் ஆனது. அதுவரை லீவு இல்லை. தோலைத் தடவும்போதெல்லாம் அவளைச் சபித்தேன்.

வேலூர் டாக்டரம்மாவின் கைக்கும் கட்டி படவில்லை. ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஆபரேஷன் அன்று மேஜைக்கே கையில் தூக்கிவரும் ஸ்கேன் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து, பசை தடவி, மார்பின்மேல் மெல்ல நகர்த்தினார். திரையில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. "இங்கதான் ஒளிஞ்சிட்டிருக்கு" என்று தோலில் பேனாவால் குறி போட்டார். வெட்டும்போதும் அதை வைத்துப் பார்த்துத்தான் வெட்டினார்களாம். எடுத்த துண்டையும் அதிலேயே பார்த்து, கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார்கள். புற்றுதான், ஆரம்பநிலை. பிழைத்தேன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சூப்பர்வைசரம்மாவின் முகம்.

அடுத்த முகாம் முடிந்த மறுநாள், உடை மாற்றும் அறையில் அவள் என் கையைப் பிடித்தாள். "கைக்கு ஒண்ணும் படல. ஆனா படத்துல இருக்காம். எந்த டாக்டரம்மான்னு சொல்லும்மா. யார்கிட்டயும் சொல்லிடாத."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்?

"இங்க வேணாம் மேடம். லைன்ல வந்து கேளுங்க" என்றேன்.

வந்தாள். நாற்பது பேர் முன்னால் கேட்டாள், குரல் உடைந்தது. நான் தோலிலிருந்து கையை எடுக்காமல், "ஒண்ணும் இல்ல மேடம். போய் வேலையப் பாருங்க" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் அங்கேயே நின்றாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் டாக்டரம்மாவின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் நிற்க வைப்பதாகத்தான் இருந்தேன். அரை மணி நேரம்கூட முடியவில்லை. அதற்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.