அம்மாவுக்கு வாசித்த காதல் கடிதங்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், பி.காமும் முடித்தவள். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. போனக்காடு எஸ்டேட்டில் எங்கள் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வருகிற கடிதங்களை நாலாம் வகுப்பிலிருந்து நான்தான் உரக்க வாசிப்பேன். கடிதம் வந்தால் வீடே கூடிக் கேட்பது எங்கள் வழக்கம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்த வழக்கம் என் தலையிலேயே விடிந்தது. மாப்பிள்ளை விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மலையில் சிக்னல் கிடையாது என்பதால் கடிதம் எழுதினார். கொழுந்து கிள்ளிவிட்டு வந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, "வாசி மோளே, மாப்ள என்ன எழுதிருக்காரு?" என்பாள். அவரோ என் மூக்கைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருப்பார். அதை அம்மாவிடம் எப்படி வாசிப்பது? மூக்கு வருகிற இடத்திலெல்லாம் மத்திக் குழம்பை வைத்து ஒப்பேற்றினேன். நாலு பக்கமும் மீன்தானா என்று அம்மாவுக்கு அவரை நினைத்துக் கவலையே வந்துவிட்டது.

அப்போதுதான் தம்பானூரில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கணக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மாப்பிள்ளை சம்மதிக்காமல் அனுப்ப மாட்டேன் என்று அப்பா நின்றார். கீழே இறங்கிப் போய் அவருக்கு போன் செய்திருக்கலாம்தான். அவர் வேண்டாமென்றால்? அன்று வந்த கடிதத்தைப் பிரித்தேன். மீன் குழம்புக்கும் மழைக்கும் நடுவே, குரல் மாறாமல், "படித்த படிப்பு வீணாக வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போகட்டும்" என்று வாசித்தேன். அப்பா தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவரே வீட்டுக்கு வந்து நின்றார். நான் டீ போட அடுப்படிக்கு ஓடினேன்.

"நல்ல காரியம் எழுதுனீங்க மாப்ள," என்றார் அப்பா. "அவ வேலைக்குப் போகட்டும்னு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாசைப் பார்த்தேன்.

"ஆமா மாமா. படிச்ச புள்ள, சும்மா இருக்கலாமா?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் மனிதர் விடவில்லை.

"கல்யாணத்த ஆவணி வரைக்கும் தள்ள வேண்டாம், வைகாசிலயே வச்சிரலாம்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தேனே. வாசிச்சாளா?"

அப்படியொரு பக்கமே கிடையாது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"வாசிக்க வெக்கமா இருந்துச்சுப்பா," என்றேன்.

மறுநாள் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே கல்யாணத்துக்கு லீவு கேட்க வேண்டியதாயிற்று.