பெருக்கிய முற்றத்தில் குளவிகள்

பேரூர்க்கடை தாண்டியும் நடையைக் குறைக்கவில்லை. தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு அலுமினியத் தட்டு. நெடுமங்காட்டுப் பஸ்கள் தூசியை முகத்தில் இறைத்துவிட்டுப் போயின. ஏறிக்கொள்ளலாம் என்று தோன்றவில்லை. உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும். ஆறக்கூடாது என்றுதான் நடந்தேன்.

விட்டு வந்தது நகரத்தில் ஒரு கல்லூரியை. அங்கே நான் பார்த்த வேலையை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். குளவிகளுக்குக் காவல். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்போடு கிளம்பியவன் நான். சாலைக் கடைத்தெருவில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன், அப்புறம் அந்தக் கல்லூரியில் கட்டடம் எழும்பியபோது சாந்து சுமந்தேன். கட்டடம் முடிந்ததும் போக இடமில்லை. விலங்கியல் பிரிவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண், வெயிலில் சும்மா உட்கார முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். பம்ப் அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மோட்டார் ஓடும்போது தூக்கம் வராது, மற்றபடி குறையில்லை.

அவர் வலியசாலை அக்கிரகாரத்துத் தமிழ்ப் பெண். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே. கல்லூரிக்குப் பின்னால் இருந்த மணல்முற்றம்தான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். கூட்டமாகக் கூடு கட்டி ஆளைத் துரத்தும் கடந்தை வேறு. இந்தக் குளவிகள் தனித்தனி. நூல் மாதிரி இடுப்பு, பாதி சிவந்த வயிறு. பெண்குளவி தனியாகவே மணலில் வளை தோண்டும். மண்ணை வாயில் கவ்விக்கொண்டு தூரப் பறந்துபோய் உதறிவிட்டு வரும். முடிந்ததும் வளையின் வாயைச் சின்னக் கல்லால் மூடிவிட்டுப் பச்சைப் புழு தேடிப் போகும். புழுவைக் கொட்டி மயக்குமே தவிரக் கொல்லாது. முட்டை பொரிந்து வரும் குஞ்சுக்கு அது கெடாமல் இருக்கவேண்டும்.

அலமாரிப் பெட்டியில் ஊசி குத்தி வைத்திருந்த இந்தக் குளவிகள் எல்லாவற்றிற்கும் ஒரே பெயர் எழுதியிருந்தது. டீச்சருக்கு அது சம்மதமில்லை. ஒரு குளவி பெரிய புழு ஒன்றை மட்டும் கொண்டுவந்து, ஒரு முட்டை இட்டு, வளையை இறுக மூடிவிட்டுத் திரும்பியே பார்க்காது. இன்னொன்று குஞ்சு வளர வளரச் சின்னச் சின்னப் புழுவாக நாள்தோறும் கொண்டுவரும். ஒவ்வொரு தடவையும் திறக்கும், மூடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க முடியாது, செத்த உடம்பை மட்டும் பார்த்துப் பெயர் வைத்ததால் வந்த தப்பு என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க வேண்டுமானால் ஒரு குளவி தன் வளையில் முழு வேலையையும் முடிப்பதைப் பார்க்கவேண்டும். முடித்த பிறகு அதே குளவியைப் பிடித்து உடம்பையும் ஒப்பிடவேண்டும். நடுவில் தொடக்கூடாது.

என் வேலை, தோண்டும்போதே அதன் முதுகில் ஒரு பொட்டுப் பெயிண்ட் வைத்து, வளைக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, எந்தப் பொட்டு எந்தக் குச்சிக்கு என்ன கொண்டுவருகிறது என்று பார்த்துச் சொல்வது. தோண்டி முடித்ததும் குளவி வளைக்கு மேலே வட்டமடிக்கும். பக்கத்தில் கிடக்கும் சருகு, கல், நான் நட்ட குச்சி எல்லாவற்றையும் அடையாளம் வைத்துக்கொள்ளும். ஒரு சருகைக்கூட நகர்த்தக் கூடாது என்பதுதான் டீச்சர் எனக்குப் போட்ட முதல் சட்டம். ஆடுகளை விரட்டினேன். குறுக்கே நடந்த மாணவர்களோடு சண்டை போட்டேன்.

இந்த ஊரில் மணல்முற்றம் என்றால் காலையில் பெருக்கியிருக்கவேண்டும். ஈர்க்குமாறு இழுத்த வளைவுக் கோடுகள் மணலில் தெரியவேண்டும். கூரையே ஒழுகினாலும் முற்றம் சுத்தமாக இருக்கும். சருகு கிடந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்ற கவலை அவ்வளவு. டீச்சருக்கு மேலே இருந்த பெரிய சாருக்கும் அதே கவலைதான். அவர் கையெழுத்து இல்லாமல் டீச்சரின் ஆராய்ச்சி ஒரு அடி நகராது. அந்த மாசி மாதம் மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றார்கள். அன்று காலை டீச்சர் வருவதற்கு முன்பே, பெரிய சார் என்னைச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மாலை வாங்கி வரச் சொன்னார். போனேன்.

திரும்பி வந்தபோது முற்றம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சருகு இல்லை, கல் இல்லை. ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த செங்கல் வரிசை. என் குச்சிகளைக் கட்டாகக் கட்டிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஈர்க்குமாற்றுக் கோடுகள் மேல் குளவிகள் அலைந்துகொண்டிருந்தன. நீலப்பொட்டு ஒன்று புழுவை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு வந்தது. கீழே வைத்தது, பறந்து வட்டமடித்தது, மறுபடி எடுத்தது. வேறொரு இடத்தில் வைத்துத் தோண்டிப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வருவதற்குள் புழுவை எறும்பு மொய்த்துவிட்டது. மாலைகளைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றேன். வந்தவர்கள் முற்றம் நல்ல வ்ருத்தி என்று மலையாளத்தில் அதன் சுத்தத்தைப் பாராட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

அவர்கள் போன பிறகு டீச்சர் முற்றத்தைப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டார். பெருக்கிய பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, சொன்னதைச் செய்தார்கள். பெரிய சார் கூசாமல் என்னைக் காட்டினார்.

"ஈ பாண்டிதான் எல்லாம் பிடுங்கி எறிஞ்சது. விவரமில்லாத்த ஆளு."

பாண்டி என்றால் இந்த ஊரில் தமிழனுக்கு இளப்பமான பெயர். நான் டீச்சரைப் பார்த்தேன். காலையெல்லாம் நான் மாலைக்கடையில் நின்றது, கையில் மாலையோடு வந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரும் தரையைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கரகுளத்துக்கு முன்னால் ஒரு பஸ் என்னைத் தாண்டிப்போய் நின்றது. டீச்சர் இறங்கினார். இந்த வழியாகப் போனேன் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீங்க பண்ணினதாவே அவர் மேலே எழுதிட்டார்" என்றார். "ஆள் பிழையால போச்சுன்னு இருந்தா எனக்கு இன்னொரு வருஷம் கொடுப்பா. யாராவது வந்து கேட்டா மறுக்காம இருங்கோ."

"பெருக்கச் சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? அவரைச் சொன்னா வேலை இதோட முடிஞ்சது. ஆத்துல இப்பவே ஜாதகத்தைத் தூக்கிண்டு அலையறா."

"அடுத்த வருஷமும் இன்ஸ்பெக்ஷன் வரும்லா டீச்சர்?"

எனக்கு அவரைத் திட்ட வார்த்தை நிறைய இருந்தது. ஆனால் அந்த இரண்டு குளவிகளும் வேறு வேறு என்று இந்த ஊரில் சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார். அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பெட்டியில் இருக்கும் பெயர் அப்படியே இருக்கும்.

"நான் செஞ்சேன்னு சொல்லமாட்டேன்" என்றேன். "செய்யலைன்னு சொல்லவும் வரமாட்டேன். என்னைத் தேடாதீங்க."

எதிர்த் திசையில் வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டி ஏறிப் போனார். உட்கார்ந்த பிறகும் என் பக்கம் திரும்பவில்லை.

நகரத்திலோ பக்கத்திலோ எந்த வேலையில் சேர்ந்தாலும் யாராவது ஒருநாள் வந்து கேட்பார்கள். கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. அதனால் நெடுமங்காட்டில் நிற்கவில்லை. விறகு லாரி ஒன்றில் விதுரா வரை போய் ஒரு கடை வராந்தாவில் படுத்தேன். விடிந்ததும் மலைமேல் தேயிலை எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப்போன வண்டியில் போணக்காடு போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கங்காணி தென்காசிப் பக்கத்து ஆள். முன்னே எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததில் மறுபடியும் கொதித்தது.

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "கொஞ்ச நாளா உக்காந்தே தின்னிருக்கியேடே" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒரு களைக்கொத்தைக் கொடுத்து, மேட்டுச் சரிவில் ஒரு தேயிலை வரிசையைக் காட்டினார். போய்க் குனிந்தேன்.